கார் யாருடையது? வாப்பாவுடையதா, மகனுடையதா?



பாடசாலைக் கண்காட்சிகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. மேசையில் மிக அழகான ஆக்கம் ஒன்று இருக்கும். "இது எப்படி மகன் வேலை செய்யுது?" என்று கேட்டால், பிள்ளை பக்கத்தில் நிற்கும் வாப்பாவின் முகத்தைப் பார்க்கும்.

இந்தப் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஒரு சிறிய மரக்கார் போட்டி இருக்கிறது. 1953 மே மாதம் கலிபோர்னியாவில் டொன் மர்பி என்ற குருளைச் சாரணர் பொறுப்பாளர் தொடங்கியது. பெயர் பைன்வுட் டேர்பி. ஒரு பைன் கட்டை, நான்கு ஆணி, நான்கு பிளாஸ்டிக் சில்லு, அவ்வளவுதான். எஞ்சினும் இல்லை, பற்றரியும் இல்லை. சரிவில் விட்டால் தானாக இறங்கி ஓடும். நிறை 5 அவுன்ஸை, அதாவது சுமார் 142 கிராமைத் தாண்டக்கூடாது. தகப்பனும் மகனும் சேர்ந்து ஒரு வேலை செய்யட்டும் என்பதே மர்பியின் நோக்கம்.

எல்லாக் காரும் ஒரே உயரத்திலிருந்துதான் புறப்படுகின்றன. யாரும் தள்ளிவிட முடியாது. அப்படியானால் ஒன்று மட்டும் எப்படி முந்துகிறது? கிடைத்த சக்தியை அது குறைவாக வீணாக்குகிறது, அதுதான் இரகசியம்.

ஆணியின் பிசிறை அரத்தால் தேய்த்து, மண்கடதாசியால் மினுக்கினால் உராய்வு குறையும். சில்லுக்கும் ஆணிக்கும் இடையில் காரீயத் தூள் போட்டால் இன்னும் குறையும். நம் நாட்டுப் போகல சுரங்கத்தில் தோண்டியெடுக்கும் காரீயமும், பென்சில் கூருக்குள் இருப்பதும் இதே பொருள்தான். ஆணிகள் நேராக இருந்தால் கார் பாதையின் ஓரத்தில் உரசாது. நிறையை அனுமதித்த எல்லை வரை கூட்டினால் காற்றின் தடை அவ்வளவாகப் பாதிக்காது. அந்த நிறையைப் பின்பக்கம் வைக்க வேண்டும். சரிவில் நிற்கும்போது பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கிறது. சமதரைக்கு வருவதற்குள் அந்த நிறை கூடுதலாக இறங்கும், வேகமும் கூடும். மிகவும் பின்னுக்குப் போனால் முன்சில்லு தளும்பும்.

இவை அனைத்தும் பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு அடங்கிய வேலைகள். ஆனால் அங்கும் என்ன நடக்கிறது? பல வீடுகளில் தகப்பனே வெட்டுகிறார், தகப்பனே மினுக்குகிறார். மினுக்கிய ஆணிகள் கடையில் விலைக்கே கிடைக்கின்றன. மகனின் பங்கு நிறம் பூசுவது மட்டும். இதைப் பார்த்துச் சில இடங்களில் பெரியவர்களுக்கென்று தனிப் போட்டியே வைக்கிறார்கள். நல்ல யோசனைதான்!

பெற்றாரை மட்டும் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆசிரியர்களாகிய நாமும் அழகான ஆக்கத்துக்குத்தான் புள்ளி போட்டுப் பழகிவிட்டோம். கோணலாக ஓடும் காரைக் கொண்டுவந்த பிள்ளையிடம், "ஏன் கோணலா ஓடுது?" என்று கேட்க நாம் நேரம் ஒதுக்குவதில்லை. உண்மையில் அந்தக் கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. ஒன்றாம் இடம் பெற்றும் காரணம் தெரியாத பிள்ளையைவிட, கடைசியாக வந்தும் காரணம் சொல்லும் பிள்ளை கூடப் படித்திருக்கிறது.

இந்த விடுமுறையில் முயன்று பாருங்கள். இரண்டு பலகைத் துண்டு, போத்தல் மூடிச் சில்லுகள், ஆணி, சில நாணயங்கள், ஒரு சாய்ந்த பலகை போதும். வாள் பிடிக்கும் வேலையை வாப்பா பார்க்கட்டும். மற்றதெல்லாம் பிள்ளையின் கையில் இருக்கட்டும். ஒரு காரில் நாணயத்தை முன்னுக்கும் மற்றதில் பின்னுக்கும் ஒட்டி, பத்துத் தடவை ஓடவிட்டு, எது வென்றது என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டும் செய்யட்டும்.

கார் கோணலாக ஓடினால் ஓடட்டும். திருத்துவதற்குக் கை நீளும்போது மட்டும், வாப்பாமாரே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கண்காட்சியில் நாமும் ஆக்கத்தைப் பார்க்குமுன் பிள்ளையிடம் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.