காறை எலும்பு முறிந்தால் கத்தி அவசியமா?

மைசூருக்கு அருகே, காவிரி இரு கிளைகளாய்ப் பிரிந்து சூழ்ந்து கிடக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சரித்திரம் கற்போர் ஒரு போர்க்களமாகவே அறிவர். ரண சிகிச்சையின் சரித்திரத்திலும் அவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டுபவராக இருந்த காவாஸ்ஜி என்னும் மராத்தியர் திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். அந்நிலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே பம்பாய்ப் படையோடு வந்து சேர்ந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், புனா அருகே செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர், மெழுகால் மூக்கின் அளவைச் செய்து, அதற்கேற்ப நெற்றித் தோலைக் கீறித் திருப்பி, அவருக்குப் புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். இச்செய்தி லண்டன் ஜென்டில்மன்ஸ் மாகசீனில் 1794 அக்டோபரில் வெளிவந்தது. அதைப் படித்து ஆராய்ந்த ஜோசப் கார்ப்யூ 1814இல் இங்கிலாந்தில் அம்முறையைச் செய்து காட்டினார்.

ஆசிரியர்கள் இக்கதையை வகுப்பில் பெருமையோடு சொல்வது நியாயமே. ஆனால் கத்தியை எடுப்பதே உயர்ந்த வைத்தியம், எடுக்காமல் விடுவது தாழ்ந்தது என்ற எண்ணம் இத்தகைய கதைகளிலிருந்து மாணவர் மனத்தில் பதிந்துவிடக் கூடாது. அறுபட்ட மூக்கு மீண்டும் வளராது. அங்கே கத்தியன்றி வேறு வழியில்லை. எலும்போ தானே கூடும் இயல்புடையது. அவ்வியல்பு நன்கு விளங்கும் இடம் காறை எலும்பு.

கழுத்தணியாகிய காறை அமரும் இடத்தில் இருப்பதால் இவ்வெலும்புக்குத் தமிழில் அப்பெயர் வந்தது. லத்தீன் மொழியில் இதன் பெயருக்குச் சிறு சாவி என்று பொருள். மார்பெலும்புக்கும் தோள்பட்டைக்கும் இடையே இரு வளைவுகளோடு கிடக்கும் இதுவே கையை உடலோடு இணைக்கும் ஒரே எலும்புப் பாலம். கருவில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவதும் இதுவே; முழு வளர்ச்சி முடிய இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும். தோள் தரையில் மோதும்படி விழுந்தால் பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே முறிகிறது. உள்பக்கத் துண்டைக் கழுத்துத் தசை மேலே இழுக்கிறது. வெளிப்பக்கத் துண்டு கையின் பாரத்தால் கீழே தாழ்கிறது. தோலுக்கடியில் புடைத்து நிற்பதைக் கண்டு வீட்டார் நடுங்குவது இதனால்தான்.

இங்கே மொழிபெயர்ப்பாளனாகிய நான் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறுவை செய்யாமல் ஆற்றும் முறையை ஆங்கில மருத்துவ நூல்கள் கன்சர்வேட்டிவ் சிகிச்சை என்னும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துண்டுப் பிரசுரத்தில் அகராதியை நம்பிப் ‘பழமைமுறைச் சிகிச்சை’ என்று எழுதிவிட்டேன். கிராமப் பள்ளி ஆசிரியர் ஒருவர், “நவீன காலத்தில் பழமையைப் பரப்பவா அரசாங்கம் பிரசுரம் அச்சிடுகிறது?” என்று கடிதம் எழுதிக் கேட்டார். அவர் மேல் குற்றமில்லை. அச்சொல்லின் கருத்து உள்ளதைக் காத்தல் என்பதே. அன்று முதல் ‘அறுவையின்றிக் காக்கும் முறை’ என்றே எழுதி வருகிறேன். சொல் நீண்டுவிட்டது, ஆனால் எவரையும் ஏமாற்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். 1960இல் அமெரிக்க வைத்தியர் சார்லஸ் நீர், அறுவையின்றிச் சிகிச்சை பெற்ற 2,235 பேரில் மூவருக்கே எலும்பு கூடவில்லை என்று எழுதினார். இதை நம்பி உலகெங்கும் வைத்தியர்கள் பல்லாண்டுகள் கத்தியைத் தொடாதிருந்தனர். துண்டுகள் முற்றிலும் விலகிய முறிவுகளை வயது வந்தோரிடம் மட்டும் தனியே பார்த்தபோது கணக்கு மாறியது. கனடாவில் 2007இல் வெளியான ஆய்வில், அறுவையின்றி ஆற்றப்பட்ட 49 பேரில் எழுவருக்கும், தகடு பொருத்தப்பட்ட 62 பேரில் இருவருக்கும் எலும்பு கூடவில்லை. உடனே, எல்லோருக்கும் தகடு என்று ஒரு காற்று அடித்தது. அதே ஆய்வில் தகடு பொருத்தப்பட்டோரில் ஒன்பது பேருக்குச் சீழ்ப்பிடித்தல், தகட்டின் உறுத்தல் முதலிய தொல்லைகள் நேர்ந்தன என்பதைப் பலர் கவனிக்கவில்லை. பின்னர் 14 ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்ட காக்ரேன் தொகுப்பு 2019இல் வெளிவந்தது. ஓராண்டு கழித்துக் கையின் செயல்திறனைப் பார்த்தால் இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதே அது கண்ட முடிவு. எலும்பு கூடாமல் போவது அறுவையால் குறையக்கூடும் என்பதையும் அது மறுக்கவில்லை.

என் கருத்து இது: குழந்தைகளுக்கும், துண்டுகள் அதிகம் விலகாத பெரியோர்க்கும் தூக்குக் கட்டே போதும், அவர்களைக் கத்திக்கு அனுப்புவது அநாவசியம். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தாலும், கிழிக்கும் நிலையில் தோலை அழுத்தி நின்றாலும், இரத்தக் குழாயோ நரம்போ பழுதுற்றாலும் அறுவையைத் தள்ளிப்போடலாகாது. இடையில் நிற்பவரைப் பற்றியதே உண்மையான பிரச்சினை. எலும்பு முற்றிலும் விலகி, ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் குறுகிப்போன ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். தோளே அவருடைய மூலதனம். சீக்கிரம் வேலைக்குத் திரும்பத் தகடு உதவலாம். ஆனால் காயத்தில் சீழ் பிடித்தாலோ, தகட்டை எடுக்க இரண்டாம் அறுவை வேண்டியிருந்தாலோ கூலி இருமுறை போகும். இரண்டையும் அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்து, முடிவை அவரிடமே விட வேண்டும். “தகடு வைத்தால்தான் கூடும்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவதும், “கட்டுப் போட்டால் போதும், போ” என்று விரட்டுவதும் ஒரே வகைக் குற்றம்.

நாட்டுக் கட்டு வைத்தியரைப் பற்றியும் கேட்பீர்கள். அவர் கைராசியாகக் கொண்டாடப்படுவதில் பெரும்பங்கு எலும்புக்கே உரியது. சும்மா இருந்தாலும் கூடியிருக்கும் முறிவைக் கட்டிவிட்டுப் புகழ் பெறுவது எளிது. கட்டினால் பெரும்பாலும் கெடுதி இல்லை. உருவிவிடுவதிலும், அக்குளை இறுக்கிக் கட்டுவதிலும்தான் ஆபத்து. முதுகின் குறுக்கே எட்டு எண் வடிவில் இறுக்கும் கட்டை ஆங்கில வைத்தியமும் நெடுங்காலம் போற்றியது. 1987இல் டென்மார்க்கில் அதைச் சாதாரணத் தூக்குக் கட்டோடு ஒப்பிட்டபோது, எலும்பு கூடியது ஒன்றுபோலவே இருந்தது; எட்டுக் கட்டு நோயாளிக்கு வேதனையை மட்டும் கூட்டியது.

களப்பணியில் இருப்போர் செய்யத்தக்கது அதிகமில்லை. விழுந்தவரின் கையை மடித்து, ஒரு துண்டாலோ புடவைத் துணியாலோ கழுத்திலிருந்து தாங்கச் செய்க. துண்டுகளைப் பொருத்திப் பார்க்க முயலாதீர். மணிக்கட்டில் நாடி ஓடுகிறதா, விரல்கள் அசைகின்றனவா, மரத்துப்போயிருக்கின்றனவா, மூச்சுத் திணறுகிறதா என்று பாருங்கள். காறை எலும்பின் அடியில் கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய் இருக்கிறது. இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் 1850இல் குதிரையிலிருந்து விழுந்து, இவ்வெலும்பு முறிந்து, மூன்று நாளில் உயிர் நீத்ததற்கு அக்குழாய் காயமுற்றதே காரணம் என்று கருதப்படுகிறது. அத்தகைய அறிகுறி ஒன்று தென்பட்டாலும் தாமதியாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புக. ஸ்ரீரங்கப்பட்டணத்தார்க்கு மைசூரின் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

மற்றவர்க்கு எக்ஸ்ரே எடுத்தபின், ஒரு வாரம் பொறுத்து இரண்டாம் எக்ஸ்ரே எடுக்க வைப்பதே உங்கள் முக்கிய வேலை. முதல் நாள் ஒழுங்காக இருந்த துண்டுகள் பின்னர் விலகக்கூடும். அறுவை வேண்டியிருந்தால் முதல் இரண்டு மூன்று வாரங்களில் செய்வது எளிது. வலி குறைந்தவுடன் மருத்துவமனையை மறந்துவிடுவது நம்மவர் வழக்கம். விரல்களையும் முழங்கையையும் தொடக்கத்திலிருந்தே அசைக்கச் சொல்லுங்கள். பீடி, சிகரெட்டு எலும்பு கூடுவதைத் தடுக்கும் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். சிறுவர்க்கு மூன்று நான்கு வாரங்களில் கூடிவிடும். பெரியோர்க்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். மூன்று மாதத்துக்கு மேலும் முறிந்த இடம் அசைந்து வலித்தால் மீண்டும் அனுப்புக. அப்போது செய்யும் அறுவையாலும் பெரும்பாலும் பலன் உண்டு.

குழந்தையின் தோளில், எலும்பு கூடிய இடத்தில் ஒரு முடிச்சு தோன்றும். தாய்மார் அதைக் கண்டு அஞ்சி, எண்ணெய் தடவி உருவ யாரையேனும் தேடுவர். அது புது எலும்பு. மாதங்கள் செல்லச் செல்ல அது தானே தேய்ந்து மட்டமாகும். அதுவரை அதைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.