நிலம் வகுத்த நெறி

டென்னிஸ் களத்தின் நீளமும் அகலமும் உலகெங்கும் ஒன்றே. குழிப்பந்தாட்டம் எனப்படும் கோல்ஃப் விளையாட்டின் களத்திற்கோ அத்தகைய அளவு ஏதுமில்லை. பந்து விழும் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்பது விதி. அக்குழி எங்கு அமைய வேண்டும், அதற்குச் செல்லும் வழி மேடா பள்ளமா, மணலா நீரா என்பன வடிவமைப்பாளரின் கற்பனைக்கு உரியவை.

எனினும், வழக்கங்கள் சில விதிகளைப் போலவே இறுகிவிட்டன. பதினெட்டுக் குழிகளையும் திறமையாளர் ஒருவர் 72 முறை பந்தை அடித்து முடிக்க வேண்டும். மூன்றடியில் முடியும் குழிகள் நான்கும், ஐந்தடியில் முடியும் குழிகள் நான்கும் இருத்தல் வேண்டும். ஒருவகைக் குழிகள் அடுத்தடுத்து வரலாகாது. இவற்றினின்று விலகிய களத்தைக் குறையுடையதாகக் கருதுவோர் உளர்.

இக்கருத்து ஏற்புடையதன்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள பழைய களம், கடலோர மணல்வெளியில் நூற்றாண்டுகளாக ஆடி ஆடி உருவானது. 1764ஆம் ஆண்டு வரை அங்கு ஒரு சுற்றுக்கு 22 குழிகள் இருந்தன. குறுகிய குழிகள் சில இணைக்கப்பட்டமையால் அவை 18 ஆயின. ஓரூரின் தேவையால் பிறந்த எண்ணே பின்னர் உலக வழக்காயிற்று. அக்களத்தில் மூன்றடிக் குழிகள் இரண்டே. ஐந்தடிக் குழிகளும் இரண்டே. ஆயினும் அதன் பெருமை குன்றவில்லை.

மருத்துவராயிருந்து வடிவமைப்பாளரான அலிஸ்டர் மெக்கென்சி, 1920இல் வெளியிட்ட நூலில் பதின்மூன்று நெறிகளைத் தொகுத்தார். ஒன்பது குழிகள் கொண்ட இரு சுற்றுகளாகக் களம் அமைதல் வேண்டும் என்பது முதல் நெறி. ஆனால், 'இயன்ற இடத்தில்' என்னும் வரம்பையும் அவர் அதனுடன் சேர்த்தே எழுதினார். நெறி வகுத்தவர் இட்ட இவ்வரம்பைப் பின்பற்றுவோர் மறக்கும்பொழுதுதான் நெறி விலங்காகிறது.

1928இல் கலிஃபோர்னியக் கடற்கரையில் திறக்கப்பட்ட சைப்ரஸ் பாயிண்ட் களத்தை வடிவமைத்தவரும் அவரே. அங்கு 5, 6ஆம் குழிகள் ஐந்தடிக் குழிகள். 15, 16ஆம் குழிகள் மூன்றடிக் குழிகள். பாறைகளும் கடலும் காட்டிய வழியை வழக்கத்திற்காக அவர் கைவிடவில்லை. 16ஆம் குழியில் வல்லவர் கடலுக்கு மேலாகப் பந்தை அடிப்பர்; வலிமை குறைந்தவர் இடப்புறமாகச் சுற்றிச் செல்லவும் இடமுண்டு. எளியவரும் மகிழ்ந்து ஆட வேண்டும் என்னும் அடிப்படை நோக்கத்தை அவர் விட்டுவிடவில்லை.

ஆகவே, விதிகளே வேண்டா என்பது பொருளன்று. குழியின் அளவு களத்திற்குக் களம் மாறினால் போட்டியில் நேர்மை இராது. நேர்மையைக் காக்கும் விதி மாறாதிருக்க வேண்டும். வசதிக்காக எழுந்த வழக்கம் நிலத்திற்கேற்ப நெகிழ வேண்டும். எண்ணிக்கையை நிறைவு செய்வதற்காக மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினால், எல்லாக் களங்களும் ஒன்றுபோலாகும். அந்நிலத்திற்கே உரிய அழகு அழியும். அழிந்த மணல்மேட்டை எந்த விதியும் மீட்டுத் தராது.

இலக்கியம் தோன்றிய பின்னரே இலக்கணம் பிறந்தது. விதியின் காரணத்தை அறிந்தவரே அதனைக் காக்கவும் வல்லவர். வேண்டுமிடத்துக் கடக்கவும் வல்லவர்.