தூசி இல்லைன்னா போதுமா?

குதிரைத் தீனின்னதும் நம்மாளுங்க "கொள்ளு"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. இந்தப் பதிவு கொள்ளைப் பற்றி இல்லை மக்களே :-) இங்கிலாந்துத் தீவனக் கடைகளில் 'தூசியற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டு ஹேலேஜ் விற்கிறார்களே, அந்தப் பையைப் பற்றி. பார்த்தாலே பத்திக்கிட்டு வருது.

மேட்டர் இதுதான். ஆஸ்துமா உள்ள குதிரைக்குக் காய்ந்த புல்லில் இருக்கும் பூஞ்சணத் தூசி ஆகாது. குதிரையால் வாய் வழியா மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும்தான். அந்த மூக்கையும் மணிக்கணக்கில் புல்லுக்குள்ளேயே வைத்திருக்கும். இருமும், வயிற்றை எக்கி எக்கி மூச்சு விடும். உடனே ஹேலேஜுக்கு மாற்றுகிறார்கள். அரைகுறையாகக் காய்ந்த புல்லைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்தது. தூசி நல்லாவே குறையும், இருமலும் குறையும். எல்லாருக்கும் சந்தோஷம்.

சரி, அதே குதிரை லாமினைட்டிஸ் வரக்கூடியதா இருந்தா? சர்க்கரை உள்ளே போனால் இன்சுலின் எகிறும். குளம்புச் சுவரையும் உள்ளே உள்ள எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் திசு பலவீனமாகும். முற்றிப் போனால் எலும்பு கீழ்நோக்கித் திரும்பி, குளம்பின் அடியையே குத்தும். மொத்த உடம்பையும் அந்தக் காலில்தான் தாங்கணும். கருணைக்கொலையில் முடிவதும் உண்டு.

"புளிக்கும்போது சர்க்கரை எல்லாம் போயிடும்" என்று ஒரு வியாபாரி என்னிடம் அடித்துப் பேசினார். ஹேலேஜில் ஈரம் குறைவுங்க, சைலேஜ் அளவுக்குப் புளிக்காது. சர்க்கரை நிறையவே மிஞ்சியிருக்கலாம். பையில் அந்த எண் இல்லை. ஒரு பக்கை சரி செய்து இன்னொரு பக்கை ரிலீஸ் பண்ணும் வேலை இது. சில கம்பெனிகள் எண்ணை அச்சடிக்கிறார்கள், இல்லேன்னு சொல்லலை. மத்தவங்களுக்கு என்ன கேடு?

இன்னொரு கோஷ்டி ஆவி பிடிக்கும் மெஷினை வாங்கச் சொல்லும். ஆவி பூஞ்சணத்தைக் கொல்லும், உண்மை. சர்க்கரையைப் பெரிதாகக் குறைக்காது. தண்ணீரில் ஊறப்போட்டால் சர்க்கரை கரையும். ஆனால் ஒரு புல்லில் பாதி போகும், இன்னொன்றில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. போதாததுக்கு ஊறிய புல்லில் பாக்டீரியா பெருகும், வெயில் நாளில் கேட்கவே வேண்டாம். ரெண்டு நோயும் உள்ள குதிரைக்கு முதலில் ஊறவைத்து, பிறகு ஆவி காட்டுவதுதான் சரி. தாது உப்பும் தண்ணியோட போயிடும், அதைத் தனியா கொடுக்கணும்.

இதெல்லாம் அப்புறம். முதலில் புல்லை லேபுக்கு அனுப்புங்கள். உலர் எடையில் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்த்து 10%-க்குக் கீழே இருக்கணும். குண்டான குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5% உலர் தீனி. 400 கிலோ என்றால் 6 கிலோ. தராசில் நிறுத்துப் போடணும், கண் மதிப்பு வேலைக்கு ஆகாது. லேப் செலவு தண்டம்னு புலம்புறவங்க, குளம்பு எக்ஸ்ரேக்கும் சிறப்பு லாடத்துக்கும் எவ்வளவு ஆகும்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க.