கைக்கூலி இப்போது மாதத் தவணையில்



ஓசூரில் பெண் பார்க்க வருவோரின் முதற்கேள்வி மாறிவிட்டது. எத்தனை பவுன் என்று கேட்ட நாவுகள் இன்று, “பெண்ணுக்கு எந்தக் கம்பெனி? நிரந்தரமா, ஒப்பந்தமா? பி.எஃப். பிடிக்கிறார்களா?” என்கின்றன. 1970களில் இங்கே சிப்காட் வந்தபோது மாப்பிள்ளையைக் குறித்துக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. மின்னணு ஆலைகளுக்கு நம் பெண்மக்களும் செல்லத் தொடங்கிய பின் திசை திரும்பிவிட்டன.

இவ்வாறு கேட்பவர்களே, “நாங்கள் கைக்கூலி வாங்காத குடும்பம்” என்று ஜமாஅத்தில் மார்தட்டவும் செய்கிறார்கள். மாதம் பதினைந்தாயிரம் என்றாலும் பத்தாண்டில் 18 லட்சம்! மொத்தமாக வாங்கினால் கைக்கூலி, தவணையில் வாங்கினால் மார்க்கப்பற்றா?

“செல்வத்துக்காகவும் பெண் மணமுடிக்கப்படுகிறாள் என்று நபிமொழியே உண்டே” என்பார்கள். அந்த நபிமொழி செல்வம், குலம், அழகு, மார்க்கம் என்று நான்கைச் சொல்வது மக்களின் வழக்கத்தை. கட்டளையாக வருவது இறுதியிலுள்ளது மட்டுமே: மார்க்கமுடையவளைத் தேர்ந்தெடு. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் செல்வத்தை எடுத்துக்காட்டுவோர், மணம் பேச முன்வந்தவர் அந்த அன்னையே என்பதையும், அண்ணலாரின் நேர்மையைக் கண்டே முன்வந்தார் என்பதையும் ஏன் விழுங்கிவிடுகிறார்கள்?

பெண் சம்பாதித்தது பெண்ணுக்கே உரியது என்பது திருமறையின் தீர்ப்பு (4:32). இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப், தம் கணவருக்குச் செலவிடலாமா என்று கேட்டனுப்பியபோது, உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரண்டு உண்டு என நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். தர்மம் என்றே சொன்னார்கள். கணவனின் உரிமை என்று சொல்லவில்லை. தர்மத்தை நிபந்தனை போட்டுக் கேட்பவனுக்கு நம்மூரில் என்ன பெயர் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

வீட்டு வாடகையும் வண்டிக் கடனும் நானும் அறிந்தவையே. மனமுவந்து மனைவி தோள்கொடுப்பது அழகு. ஆனால் அவள் சம்பளத்தை எண்ணியே நிக்காஹ் செய்தவன், பிள்ளைப்பேற்றுக்குப் பின் அவள் வேலையை விடும் நாளில் எதைப் பார்த்து அவளோடு வாழ்வான்?

பெண்ணைப் பெற்றவர்களே, நிறைவேற்றப்பட மிகத் தகுதியானவை திருமண நிபந்தனைகளே என்பதும் நபிமொழிதான். நிக்காஹ் தஃப்தரில் மஹருக்குக் கீழே, “மணமகளின் ஊதியம் மணமகளுக்கே உரியது” என ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்திடத் தயங்கும் மாப்பிள்ளையை அன்றே அறிந்துகொள்ளலாம்.