டிக்கெட் புத்தகமும் கட்டணக் குழுவும்

சென்ற மாதம் தாராவியில் உள்ள நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு தோழர் வந்தார். தோல் பட்டறையில் பை தைப்பவர். ஒரு டிக்கெட் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மகள் படிக்கும் ஆங்கில வழித் தனியார் பள்ளி, கட்டட நிதிக்காகக் கலைவிழா நடத்துகிறதாம். இருபது டிக்கெட், ஒன்று 200 ரூபாய்.

"இத யாருகிட்ட விக்க, அண்ணாச்சி? எங்க சந்துல எல்லார் கையிலயும் இதே புத்தகம்தான் இருக்கு" என்றார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. 4,000 ரூபாய் என்பது அவர் குடியிருக்கும் மாடி அறையின் ஒரு மாத வாடகை. விற்காத பிள்ளைகளை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள் என்றும் சொன்னார்.

இத்தகைய விழாக்களுக்குப் பெற்றோர் போகவேண்டுமா? அடியோடு புறக்கணிப்போம் என்றனர் நம் இளைஞர்கள். நாம் அதை ஏற்கவில்லை. மேடையில் ஆடப்போவது நம் பிள்ளை. கூட்டத்தில் தாய்தந்தையர் முகம் தெரியாமல் அது எப்படி ஆடும்? போங்கள். உங்கள் இருக்கைக்கு மட்டும் டிக்கெட் வாங்குங்கள். மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

பொங்கல் விழாவுக்கு நாமும் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போகிறோமே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தராதவர் பிள்ளையை நாம் நிற்க வைத்ததில்லை. வரவு செலவை ஆண்டுக் கூட்டத்தில் படிக்கிறோம். ரயில்வே கவுண்டரில் விற்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் எண் உண்டு, கணக்கு உண்டு. பத்து ரூபாய் குறைந்தால் நம் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்டட நிதிக்கு அப்படி ஒரு கணக்கை எந்தப் பெற்றோராவது பார்த்ததுண்டா?

(மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியை விட்டு ஏன் போனீர்கள் என்று இங்கே குத்திக்காட்டப் போவதில்லை. அது தனித் தலையங்கம்.)

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையைச் சேர்க்கும்போது, அறிவித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடுக்கிறது. வாங்கினால் பத்து மடங்கு வரை அபராதம். 'சேர்க்கும்போது' என்ற சொல்லைக் கவனியுங்கள். டிக்கெட் புத்தகம் வருவது சேர்க்கை முடிந்து ஆறு மாதம் கழித்து!

நம் கைக்கு எட்டும் சட்டம் வேறு ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் 2011ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, தனியார் பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்க வேண்டும். அதன் செயற்குழுவின் முன்புதான் நிர்வாகம் கட்டணத்தை வைத்து ஒப்புதல் பெற வேண்டும். அந்தக் குழுவில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெற்றோர். விருப்பம் தெரிவித்தவர்களில் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கலைவிழாவிலும் குலுக்கல் உண்டு, பிரஷர் குக்கருக்கு. அதற்கு நெரிசல் தாங்கவில்லை. கட்டணக் குழுக் குலுக்கலுக்கு நம் ஆட்களில் பெயர் கொடுத்தவர் எத்தனை பேர்? விசாரித்துப் பார்த்தோம். ஒருவர்கூட இல்லை. ஆங்கிலம் வராது என்கிறார்கள். அரைநாள் கூலி போகும் என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த அறையில் ஏறுகிற கட்டணத்தின் முன்னால் டிக்கெட் புத்தகம் சில்லறை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெயர் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தை மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதித்தர, ஞாயிறு மாலைகளில் நம் அலுவலகத்தில் ஆள் இருப்பார். கையில் விற்காத டிக்கெட் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். திருப்பிக் கொடுக்க நாமும் உடன் வருகிறோம்.