ஒரே ஊர், வேறு வேறு திரை



கொத்மலை உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

இன்று இரவு வீட்டில் ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். இரண்டு போன்களை எடுத்து, இரண்டிலும் யூடியூப்பைத் திறந்து அருகருகே வையுங்கள். வாப்பாவின் போனில் ஒன்று வரும், மகளின் போனில் வேறொன்று வரும். பக்கத்து வீட்டு சிங்கள மாத்தயாவின் போனையும், மேல் லயத்து அண்ணனின் போனையும் சேர்த்து வைத்தால் நான்கு உலகம் தெரியும். ஊர் ஒன்று, மழை ஒன்று, ஏறும் பஸ்ஸும் ஒன்று. திரை மட்டும் நான்கு.

இதைச் செய்வது இயந்திரக் கற்றல். யாரோ ஒருவர் உட்கார்ந்து நமக்கென்று தெரிவு செய்வதில்லை. எந்த வீடியோவில் எத்தனை செக்கன் நின்றோம், எதைத் தள்ளிவிட்டோம், எதற்குக் கோபப்பட்டுக் கொமன்ட் போட்டோம், எதை மற்றவருக்கு அனுப்பினோம் என்று கணினி கணக்கு வைக்கிறது. நம்மைப் போலவே நடந்துகொண்ட இலட்சக்கணக்கானோர் அடுத்ததாக எதைப் பார்த்தார்கள் என்றும் பார்க்கிறது. பிறகு, "இவர் இதைத் தொடுவார்" என்று ஊகிக்கிறது. ஊகம் பலித்தால் அதே பாதையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது.

2012இல் யூடியூப் தன் கணக்கை மாற்றியது. எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதலிடம் கொடுத்தது. 2018இல் அந்த நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவரே, மக்கள் அங்கே பார்க்கும் நேரத்தில் 70 வீதத்துக்கும் மேல் பரிந்துரைகளால் வருவது என்று சொன்னார். அதாவது நாம் தேடிப் பார்ப்பது குறைவு. நம் முன்னால் நீட்டப்படுவதைப் பார்ப்பதுதான் அதிகம்.

இது முழுக்கக் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆசிரியர்களாகிய நாமும் இதே வேலையைத்தான் செய்கிறோம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்கு ஒரு கணக்கு, முன்னால் ஓடும் பிள்ளைக்கு வேறு கணக்கு கொடுக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையின் நிலையறிந்து கற்பியுங்கள் என்றுதான் ஆசிரியப் பயிற்சியிலும் சொல்லித் தந்தார்கள். அதை இயந்திரம் செய்து தந்தால், டியூஷனுக்குக் காசில்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பிள்ளைக்கு விருப்பமானது எது என்று அறிவது வேறு, தேவையானது எது என்று அறிவது வேறு. ஆசிரியர் சில நேரம் பிள்ளை முகம் சுளிக்கும் பாடத்தையும் கையில் கொடுப்பார். பார்க்கும் நேரத்தைக் கூட்டுவதற்கென்று பழக்கப்பட்ட இயந்திரத்துக்கு அந்த அக்கறை இல்லை. அதற்குத் தெரிவது நம் விரல் மட்டும். மனதில் இருக்கும் கேள்வி அதற்குத் தெரியாது.

நம் ஊருக்கே இதில் ஒரு வரலாறு இருக்கிறது. இன்றைய பிள்ளைகளில் பலர் அறியாதது. மகாவலித் திட்டத்தோடு பிறந்த கொத்மலை சமூக வானொலி 1989இல் தொடங்கியது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே இணையம் வந்தது. ஒரு வீட்டில் கணினி இருப்பதே அதிசயமாக இருந்த காலம் அது. நேயர்கள் தங்கள் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஒலிபரப்பாளர்கள் இணையத்தில் தேடி, மக்களுக்கு விளங்கும் மொழியில் வானொலியில் சொல்வார்கள். நோயைப் பற்றிய விடயம் என்றால் விளக்குவதற்கு ஒரு வைத்தியரையும் அழைத்துக்கொள்வார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் இணையம் பார்க்க வசதி செய்தார்கள். உலகின் பல நாடுகளில் இதை ஒரு முன்மாதிரியாக எடுத்துப் பேசினார்கள்.

அந்த ஒலிபரப்பில் சிங்களமே அதிகம். அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அதில் இரண்டு நல்ல விடயங்கள் இருந்தன. முதலாவது, மனிதன் வாய் திறந்து கேட்டான், அதற்குப் பதில் வந்தது. இரண்டாவது, ஒருவர் கேட்ட கேள்வியை ஊரே கேட்டது. ஒரு விவசாயியின் சந்தேகம் என்னவென்று கடைக்காரருக்கும் தெரிந்தது. இன்றைய திரையில் இந்த இரண்டும் இல்லை. நாம் கேட்காமலே வருகிறது. நமக்கு என்ன வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவருக்கு என்ன வந்தது என்று நமக்கும் தெரியாது.

இதன் விலை என்ன என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2018 பெப்ரவரி கடைசியில், உணவில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி அம்பாறையில் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்க வைத்தது. சாப்பாட்டில் கலந்து மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை ஒன்று உலகத்திலேயே இல்லை. அடுத்த வாரமே, தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்களச் சாரதி மரணித்ததும் திகன எரிந்தது. எரிக்கப்பட்ட வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6இல் அவசரகால நிலை வந்தது. மறுநாள் முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன.

2020 மே மாதம் முகநூல் நிறுவனம், இலங்கை பற்றித் தான் செய்வித்த மனித உரிமை ஆய்வை வெளியிட்டு, நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டது. தன் தளத்தில் பரவிய வதந்தியும் வெறுப்புப் பேச்சும் வெளியே நடந்த வன்முறைக்குக் காரணமாகியிருக்கலாம் என்று அந்த ஆய்வு சொன்னது. மன்னிப்பு வந்தது நல்லதுதான். ஆனால் எரிந்த கடைக்கு அது இரண்டு வருடம் பிந்தி வந்தது.

வதந்தி புதிதல்ல. சந்தியில் ஒருவர் பொய் சொன்னால், நின்று கேட்கும் நாலு பேரில் ஒருவராவது "அது அப்படி இல்லையே" என்பார். தனித்தனித் திரையில் அந்த நாலாவது ஆள் இல்லை. பயப்படுபவருக்குப் பயமும், கோபப்படுபவருக்குக் கோபமும் திரும்பத் திரும்ப வருகிறது. மறுத்துச் சொல்லக்கூடிய அயலவருக்கு அந்தச் செய்தி போயே சேர்வதில்லை. இது நமக்கும் பொருந்தும். மற்ற சமூகத்தைப் பற்றி நமது போனுக்கு வருவதில் எத்தனையை நாம் அவர்களிடமே கேட்டுச் சரிபார்த்திருப்போம்?

ஆகவே சில வேலைகள்.

போனில்: முகநூலில் "ஃபீட்ஸ்" என்ற பகுதிக்குப் போனால், நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் நேர வரிசையில் வரும். யூடியூப்பில் பார்த்த வரலாற்றை அழித்து நிறுத்திவைத்தால் முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் வராது. பிள்ளைகளுக்கு, வருவதைப் பார்க்காமல் தேடிப் பார்க்கப் பழக்குவோம்.

பாடசாலையில்: காலைக் கூட்டத்தில் வாரம் ஒரு கேள்வி. ஒரு பிள்ளை கேட்கட்டும், எல்லாரும் தேடட்டும், மறுவாரம் சபையில் பதில் சொல்லட்டும். வானொலி செய்த வேலை அதுதான். செலவே இல்லை.

ஊரில்: பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை, விகாரையின் தாயக சபை ஆகியோர் ஒருவர் நம்பரை ஒருவர் வைத்திருக்கட்டும். மற்ற சமூகத்தைப் பற்றிக் கொதிக்க வைக்கும் செய்தி வந்தால், அனுப்பும் முன் அந்தப் பக்கத்தில் ஒருவரிடம் கேட்போம். நெருப்பு வந்த பிறகு நம்பர் தேடக் கூடாது.

நாட்டில்: ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கொண்டுவந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், பெரிய தளங்கள் ஆளைக் கணித்துப் பரிந்துரைக்காத ஒரு தெரிவையாவது கொடுக்க வேண்டும் என்கிறது. அங்கே கொடுக்க முடிந்ததை இங்கேயும் கொடுக்கலாம். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் பாதையும் பாலமும் கேட்கும்போது இதையும் கேட்போம்.

நமக்கு எது பிடிக்கும் என்பதை இயந்திரம் கற்றுக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் அதனிடம் கேட்க வேண்டாம். கதவைத் தட்டிக் கேட்போம்.

வேறு யோசனைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாரும் வாசிக்கட்டும்.