காசியில் ஒரு சைவச் சாப்பாட்டுக்காரன்

காசிக்குப் போய் வந்து நாலு வருஷம் ஆகிறது. இன்றும் பார்க்கிறவர்கள் கேட்பது, "அங்கே சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பதுதான். கங்கையைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

ஒரு கஷ்டமும் இல்லை. காலையில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் கச்சோரி, உருளைக்கிழங்கு சப்ஜி, சூடாக ஜிலேபி. குளிர்காலமாக இருந்தால் மலையோ என்று பால் நுரையில் குங்குமப்பூ போட்டு மண் கிண்ணத்தில் தருவார்கள்; வாயில் வைத்ததும் காணாமல் போய்விடும். அன்னபூரணி கோயிலில் அன்னதானம் உண்டு. வெங்காயம், பூண்டு ஆகாதவர்கள் "பினா ப்யாஜ், பினா லஹசுன்" என்று இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டால் போதும். கடுகெண்ணெய் வாசனைதான் முதல் இரண்டு நாள் மூக்கில் ஏறும். அனுமான் காட் பக்கம் போனால் தமிழ்க் குரல் கேட்கும். பாரதியார் இளமையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த இடம் அது. 1908இல் எங்கள் புதுச்சேரிக்கு வந்து பத்து வருஷம் இருந்தவராயிற்றே என்று அந்தப் படிகளில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நாங்கள் போனதோ சமையல்காரரோடு. புழுங்கலரிசி, சாம்பார்ப்பொடி, வடு மாங்காய் எல்லாம் ரயிலிலேயே வந்தன. வயிறு கெடாது, அது சரி. ஆனால் ஒரு வாரம் காசியில் இருந்தும் காசிச் சோறு ஒரு கவளம் சாப்பிடாமல் திரும்பியவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். இதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.

சொல்ல வந்த விஷயம் வேறு. ஒரு சாயங்காலம் ஆரத்தி பார்க்கப் படகு பேசியிருந்தோம். படகோட்டி படியில் உட்கார்ந்து ரொட்டியும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர், "காசியிலேயே மீனா? இவன் படகில் நான் ஏறமாட்டேன்" என்று சத்தம் போட்டார். பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த மனுஷன் தட்டைத் தனக்குப் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டார். வேறு படகு பிடித்தோம். நான் வாயே திறக்கவில்லை.

வாய் திறந்திருக்க வேண்டியவன் நான்தான். பிறந்ததிலிருந்து சைவம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது எங்கள் வாத்தியார் என்னை "எர்பிவோர்", அதாவது புல் தின்னி என்று கூப்பிடுவார், வகுப்பே சிரிக்கும். ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரன் வஞ்சிர மீன் டப்பாவைத் திறந்தால், நான் ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. என் தயிர்சாதத்தில் பாதியை எடுத்துக்கொள்வான். பிறகு முப்பது வருஷ ஆபீஸ் வாழ்க்கையிலும் அப்படித்தான். சைவம் என்பது என் இலையில் விழுவது பற்றிய கணக்கு. அடுத்தவன் தட்டைத் தணிக்கை செய்ய எனக்கு யாரும் ஆர்டர் போட்டுத் தரவில்லை. காசி நமக்கு யாத்திரை ஸ்தலம்; படகோட்டிக்கு அதுதான் வீடு, அடுப்பு, பிழைப்பு. தலைமுறை தலைமுறையாக அவர்கள் துடுப்புப் போட்டல்லவா நாம் அக்கரை பார்க்கிறோம்?

ராத்திரி தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் தனியாகப் போனேன். அதே படியில் இருந்தார். பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் நேற்றைக்கு மன்னிக்கச் சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மணிகர்ணிகா தாண்டும்வரை பேசவே இல்லை. திரும்பும்போது, வெங்காயம் போடாத கச்சோரிக் கடை எந்தச் சந்தில் இருக்கிறது என்று கை காட்டினார். பிறகு என் ஊர் எது என்று கேட்டார். சமுத்திரக் கரை என்றேன்.

"அங்கே ஜனங்கள் என்ன சாப்பிடுவார்கள்?"

"மீன்" என்றேன். துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.